அச்சிட்ட உலோகம் எவ்வளவு தாங்கும்? அந்தமான் கடலை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னைத் துறைமுகத்திலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஊருக்கு, கடல்வழி ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். பயணிகள் கப்பலில் இரண்டரை முதல் மூன்று நாள் ஆகும். அங்கே ஓடும் ஒரு படகின் கடல்நீர்ப் பம்பில் நீரைத் தள்ளும் சுழற்சக்கரமான இம்பெல்லர் தேய்ந்துபோனால், புது இம்பெல்லர் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். கடைக்காரரிடம் கையிருப்பு இல்லையென்றால் வாரங்கள் ஓடிவிடும். இன்னொரு பக்கம், 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் ஆழ்கடல் கண்ணாடியிழை வடம் திறந்துவைக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். ஒரு பாகத்தின் வரைபடக் கோப்பு இன்று சில நொடிகளில் தீவை எட்டிவிடுகிறது. பாகம் மட்டும் கப்பலுக்குக் காத்திருக்கிறது.

கோப்பை அனுப்பிவிட்டு, பாகத்தை அங்கேயே உலோகத்தில் அச்சிட்டுக்கொண்டால் என்ன என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. முப்பரிமாண உலோக அச்சைப் பற்றிப் பேசும் எவரும் தொலைதூரத் தீவு, நடுக்கடல் கப்பல், எல்லைக் காவல் முகாம் ஆகியவற்றையே முதல் உதாரணமாகச் சொல்கிறார்கள். அச்சிட முடியுமா என்பதில் இன்று விவாதமே இல்லை, முடியும். அச்சிட்டது தாங்குமா, எவ்வளவு நாள் தாங்கும், தாங்கும் என்று யார் கையெழுத்துப் போடுவது என்பவைதான் கேள்விகள். கடந்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் சேர்ந்த ஆய்வு முடிவுகளைத் தீவின் தேவையோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் செய்முறை. இன்று பரவலாக இருப்பவை இரண்டு குடும்பங்கள். ஒன்றில், மாவுபோன்ற உலோகத் துகளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, லேசர் கற்றையால் வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கைப் பரப்புகிறார்கள். லேசருக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையும் பயன்படுவதுண்டு. இதைத் துகள்படுக்கை முறை என்று சொல்லலாம். மற்றதில், கம்பியையோ துகளையோ நேராக உருகும் இடத்துக்கே ஊட்டி, வெல்டிங் மணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டுகிறார்கள். மின்வில்லால் கம்பியை உருக்கிக் கட்டும் முறை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பட்டறையில் மிக் வெல்டிங் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்தால் அந்நியமாக உணரமாட்டார். பசை தெளித்துப் பிறகு உலையில் சுடும் முறைகளும் உண்டு. நம் கேள்விக்கு அவை இப்போது முக்கியமில்லை.

துகள்படுக்கை முறையில் ஓர் அடுக்கின் தடிமன் பொதுவாக 30 முதல் 60 மைக்ரான். பக்கத்துப் பக்கத்து லேசர்க் கோடுகளுக்கு நடுவே சுமார் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி. அடுக்கு 40 மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கன சென்டிமீட்டர் உலோகத்துக்குள் 250 மீட்டர் நீள வெல்டிங் இருக்கிறது. ஒரு கிலோ எவர்சில்வர்ப் பாகம் என்றால் 31 கிலோமீட்டர். இத்தனை நீளத்தில் ஒவ்வொரு புள்ளியும் உருகி, கீழ் அடுக்கோடும் பக்கத்துக் கோட்டோடும் ஒட்டி, இறுகியிருக்க வேண்டும். அச்சிட்ட உலோகத்தின் பலமும் பலவீனமும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கின்றன.

பலத்தைப் பார்ப்போம். உருகிய குளம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு அகலமே இருப்பதால் நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்கிறது. வார்ப்பு அச்சில் மணிக்கணக்கில் ஆறும் உலோகத்துக்கும் இதற்கும் உள் அமைப்பில் பெரிய வேறுபாடு உண்டு. 316எல் என்ற வகை எவர்சில்வரை எடுத்துக்கொண்டால், அச்சிட்ட உலோகத்தின் உள்ளே அரை மைக்ரான் அளவுள்ள நுண்ணறைகள் வலைபோலப் பின்னி நிற்கின்றன. உலோகம் வளையும்போது நகர வேண்டிய அணுக்குறைகளை அந்த வலைச் சுவர்கள் தடுக்கின்றன. தகடாக உருட்டி மென்மையாக்கிய 316எல்லுக்குத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச ஈல்டு வலிமை, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடம், 170 மெகாபாஸ்கல்; ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 17 கிலோ சுமை. அச்சிட்ட 316எல் 450 முதல் 590 மெகாபாஸ்கல் வரை தருவதாக ஆய்வுக்கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. வலிமை ஏறினால் நீளும் தன்மை குறையும் என்பது உலோகவியலின் பழைய பாடம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த குழு 2018இல் வெளியிட்ட முடிவுகளில் அந்தப் பாடமும் தளர்ந்தது. அவர்கள் அச்சிட்ட 316எல் வலிமையாகவும் இருந்தது, நன்றாக நீளவும் செய்தது.

எல்லா உலோகமும் இப்படி இரண்டு கையாலும் கொடுப்பதில்லை. விமானத்துக்கும் எலும்பு மாற்றுக்கும் பயன்படும் டைட்டானியக் கலவை, 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்தது, அச்சிலிருந்து எடுத்தவுடன் 1,200 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுவலிமை காட்டும். ஆனால் உள்ளே ஊசி ஊசியாக உறைந்த அமைப்பு இருப்பதால் உடைவதற்கு முன் சில சதவீதமே நீளும். 800 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பதப்படுத்தினால் வலிமை ஆயிரத்துக்கு அருகில் இறங்கி, நீட்சி இரட்டிப்பாகும். அலுமினிய சிலிக்கன் கலவை அச்சில் 400 மெகாபாஸ்கலைத் தாண்டும். அச்சின்போது உள்ளே தேங்கிய விசையான தகைவை நீக்க 300 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் முந்நூறுக்குக் கீழே வந்துவிடும். ஆகவே ஒரு விற்பனையாளர் காட்டும் வலிமை எண்ணைக் கண்டால், அது பதப்படுத்துமுன் எடுத்ததா பின் எடுத்ததா என்பதை முதலில் கேட்க வேண்டும். அந்த விவரம் இல்லாத எண்ணை வைத்து ஒரு பாகத்தை வடிவமைப்பது ஆபத்து.

திசைப் பிரச்சினை அடுத்தது. அடுக்கடுக்காகக் கட்டியது என்பதால், தளத்துக்கு இணையாக இழுத்தால் ஒரு விடை, அடுக்குகளைப் பிரிக்கும் விதமாகச் செங்குத்தாக இழுத்தால் வேறு விடை. நன்றாக அச்சிட்ட பாகத்தில் வலிமையில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் பத்துச் சதவீத அளவில் நின்றுவிடுகிறது. நீட்சியில்தான் அது அதிகம் தெரியும். அடுக்குகளுக்கு நடுவே உருகாத இடம் இருந்தால், செங்குத்தாக இழுக்கும்போது அது விரிந்து வாய் திறக்கிறது. கிடையாக இழுக்கும்போது அதே குறை உறங்கிக் கிடக்கிறது. சோதனைக் கம்பி எந்தத் திசையில் அச்சிடப்பட்டது என்று எழுதாத சோதனைச் சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

உருகுவதும் இறுகுவதும் ஆயிரக்கணக்கான முறை நடப்பதால் பாகத்துக்குள் தகைவு எஞ்சி நிற்கிறது. மேற்பரப்பில் அது சில நேரம் ஈல்டு வலிமையையே நெருங்கும். அடித்தட்டிலிருந்து அறுத்தெடுக்கும்போது பாகம் வாழைமட்டைபோல் நிமிர்ந்து வளைவதை அச்சுக்கூடங்களில் பார்க்கலாம். அதனால்தான் தட்டோடு சேர்த்தே உலையில் வைத்துத் தகைவு நீக்கிவிட்டு, பிறகு அறுக்கிறார்கள். அச்சு இயந்திரம் இருக்கும் இடத்தில் உலையும் இருக்க வேண்டும் என்பது ஒரு கூடுதல் வசதி பற்றிய பேச்சில்லை, அடிப்படைத் தேவை.

இனி இந்த விஷயத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஒரே முறை இழுத்து உடைக்கும் சோதனையில் அச்சிட்ட உலோகம் மதிப்பெண் வாங்கிவிடும். கடலில் ஓடும் பாகங்கள் ஒரே இழுப்பில் உடைவதில்லை. சிறு சுமை கோடி முறை வந்து போய், ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறந்து, நாளுக்கு நாள் நகர்ந்து, ஒரு நாள் துண்டாகிறது. உலோகச் சோர்வு என்று இதைச் சொல்கிறோம். பொறியியலில் முறிந்துபோகும் பாகங்களில் பெரும்பகுதி இந்த வழியில்தான் போகிறது.

சோர்வால் முறிந்த அச்சுப் பாகத்தின் முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் விரிசல் எங்கே தொடங்கியது என்பது தெளிவாகத் தெரியும். அலையலையான கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கி ஓடும். அந்தப் புள்ளியில் அநேகமாக ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்துக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் அப்படியே உட்கார்ந்திருக்கும்: லேசர் படாமல் தப்பிய துகள்கள். லேசர் சக்தி குறைந்ததாலோ கோடுகளின் இடைவெளி கூடியதாலோ வந்த குறை இது. சக்தி மிஞ்சினால் வேறு குறை வரும். உலோகம் கொதித்து ஆவியாகி ஆழமான குழி விழுந்து, அதன் அடியில் வாயுக் குமிழி சிக்கிக்கொள்ளும். துகளுக்குள்ளேயே முன்பே அடைபட்ட வாயு தரும் வட்டத் துளை மூன்றாவது வகை. மூன்றிலும் மோசமானது முதல் வகையே. வட்டத் துளை மொத்தையாக இருக்கும். உருகாத பள்ளம் தட்டையாக, கூரிய விளிம்போடு, அடுக்கின் தளத்திலேயே படுத்திருக்கும்.

குறையின் அளவிலிருந்து சோர்வு எல்லையை, அதாவது எத்தனை முறை வந்துபோனாலும் பாகம் முறியாமல் தாங்கும் தகைவை, கணிக்க ஜப்பானிய அறிஞர் யூகிடாகா முரகாமி தந்த சூத்திரம் இந்தத் துறையில் இன்று எல்லோர் கையிலும் புழங்குகிறது. உலோகத்தின் கடினத்தன்மையும், சுமைத் திசையிலிருந்து பார்த்தால் தெரியும் குறைப் பரப்பின் வர்க்கமூலமும் தெரிந்தால் போதும். 220 விக்கர்ஸ் கடினத்தன்மையுள்ள எவர்சில்வரின் மேற்பரப்பில் 50 மைக்ரான் அளவுக் குறை இருந்தால் எல்லை சுமார் 250 மெகாபாஸ்கல். அதே குறை 400 மைக்ரான் என்றால் 180க்கு இறங்கிவிடுகிறது. குறை எட்டு மடங்கு பெரிதானால் தாங்கும் தகைவில் முப்பது சதவீதம் போய்விடும். இரண்டு பாகங்களும் இழுவிசைச் சோதனையில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. சராசரி நுண்துளை 0.1 சதவீதமே என்று பெருமையாகச் சொல்வதால் பயனில்லை. இருப்பதிலேயே பெரிய துளை எவ்வளவு, அது மேற்பரப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பவையே ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

மேற்பரப்பும் இந்தக் கணக்கில் சேரும். அச்சிலிருந்து வந்தபடியே இருக்கும் பரப்பின் சொரசொரப்பு 10 முதல் 20 மைக்ரான். தாங்கல் இல்லாமல் தொங்கும் அடிப்பக்கங்களில் இன்னும் அதிகம். ஒவ்வொரு பள்ளமும் ஒரு விரிசலின் விதை. டைட்டானியக் கலவையில் சொரசொரப்பான பரப்போடு விட்டால் சோர்வு எல்லை 200, 300 மெகாபாஸ்கலில் நின்றுவிடுகிறது. கடைசல் பிடித்து வழவழப்பாக்கி, வெப்ப அழுத்தத்தில் துளைகளை மூடினால் 600ஐ எட்டுகிறது. 920 டிகிரி வெப்பம், நூறு மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தம், இரண்டு மணி நேரம் என்பது அந்தத் துளைமூடும் சிகிச்சையின் வழக்கமான அளவு. அதற்கான கலன் விலையும் எடையும் மிகுந்தது. தீவில் வைத்துக்கொள்ளும் பொருளல்ல.

இப்போது நமது இம்பெல்லருக்குத் திரும்புவோம். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் பம்ப் மணிக்கு 90,000 சுற்றை முடிக்கிறது. ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலான சோர்வுச் சோதனைகளை ஒரு கோடிச் சுற்றில் நிறுத்திவிட்டு, தாங்கியது என்று எழுதிவிடுவது வழக்கம். இந்தப் பம்ப் ஒரு கோடிச் சுற்றை 111 மணி நேரத்தில், ஐந்து நாளுக்குள், கடந்துவிடும். ஒரு கப்பல் தீவிலிருந்து சென்னை போய்த் திரும்பும் முன்பே அது முடிந்துவிடும். ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 79 கோடிச் சுற்று. உப்புநீரில் நனைந்தபடி சோர்வைச் சந்திக்கும் உலோகத்துக்குக் காற்றில் இருப்பதுபோன்ற நிரந்தர எல்லை கிடையாது. சுற்று கூடக் கூடத் தாங்கும் தகைவு இறங்கிக்கொண்டே போகும். அச்சிட்ட உலோகத்தைப் பற்றிய ஆய்வுகளில் மிகக் குறைவாக உள்ளதும் இந்த உப்புநீர்ச் சோர்வுத் தகவல்தான்.

ராக்கெட் எஞ்சினையே அச்சிடுகிறார்கள், பம்புக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2024 மே 9 அன்று திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ, பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்ட எஞ்சினின் அச்சிட்ட வடிவத்தை 665 நொடிகள் எரித்துச் சோதித்து வெற்றி கண்டது. விப்ரோ 3டி நிறுவனம் துகள்படுக்கை முறையில் அதை உருவாக்கியது. முன்பு 14 பாகங்களாக இருந்தது ஒரே துண்டானது. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. முன்பு ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ அடிப்பு உலோகமும் தகடும் தேவைப்பட்டன, இப்போது 13.7 கிலோ துகள் போதுமாக இருந்தது. உற்பத்தி நேரம் அறுபது சதவீதம் குறைந்தது. அதே மாதம் 30ஆம் தேதி, சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு அக்னிபான் சோதனை ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. தமிழ்நாட்டோடு தொடர்புள்ள இந்த இரு சாதனைகளையும் எண்ணி நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் அவற்றின் வேலையைக் கவனியுங்கள். அந்த எஞ்சின் எரிவது நிமிடக் கணக்கில். பம்ப் ஓடுவது ஆண்டுக் கணக்கில். ராக்கெட் எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஊடுகதிர்ச் சோதனை, சூடேற்றிப் பதப்படுத்தல், அதே தட்டில் கூடவே அச்சிட்டு உடைத்துப் பார்த்த சாட்சிக் கம்பிகள், மேடையில் எரித்துப் பார்த்த பதிவு என்று ஒரு பெரிய ஏற்பாடு நிற்கிறது. நாசா 2021இல் வெளியிட்ட அச்சுப் பாகங்களுக்கான தரநிலையும் இதைத்தான் கேட்கிறது. பாகத்தை மட்டும் சோதித்தால் போதாது. இயந்திரம், துகள், இயக்குபவர், பதப்படுத்தும் உலை எல்லாம் சேர்ந்த முறையையே தகுதிப்படுத்த வேண்டும். காரணம் எளிது. தகடோ உருளையோ வாங்கும்போது உருக்காலை அதன் பண்புகளைச் சோதித்துச் சான்றிதழோடு அனுப்பிவிடுகிறது. அச்சில் பாகமும் அதன் உலோகமும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் பிறக்கின்றன. உருக்காலையின் பொறுப்பு முழுவதும் அச்சிடுபவரின் தலையில் வந்து விழுகிறது.

கடல் இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. அந்தமானில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது, காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. எவர்சில்வரில் துரு புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்து தொடங்கும். மாங்கனீசு சல்பைடு என்ற நுண் கலப்புத் துகள்களைச் சுற்றியே அந்தக் குழிகள் பெரும்பாலும் பிறக்கும். அச்சின் வேகமான குளிர்ச்சியில் அந்தத் துகள்கள் வளரவே நேரமில்லை. அதனால் அசையாத உப்புநீரில் அச்சிட்ட 316எல், தகட்டு 316எல்லைவிட நன்றாகத் தாக்குப்பிடிப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. இதைக் கேட்டு மகிழ்ந்தவர்களுக்கு 2019இல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எச்சரிக்கை ஒன்றைத் தந்தார்கள். மணல் கலந்த நீர் வேகமாக மோதும் நிலையில் அதே அச்சு உலோகம் தகட்டைவிட மோசமாக அரிபட்டது. கீறுபட்ட இடத்தில் பாதுகாப்புப் படலம் மீண்டும் மூடிக்கொள்வதில் அது பின்தங்கியிருந்தது. நம் இம்பெல்லர் சந்திப்பது அசையாத நீரை அல்ல, மோதும் நீரை. மேலும், எஞ்சிய தகைவை முழுதும் நீக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சல்பைடு துகள்கள் திரும்பி வந்து, குழித்துருவைத் தடுத்த நன்மையே போய்விடுகிறது. சோர்வுக்காகச் செய்யும் மருந்து துருவுக்கு நஞ்சாகலாம். இரண்டையும் சேர்த்துச் சோதித்த பிறகே வெப்பநிலையை முடிவு செய்ய வேண்டும்.

கப்பல் உலகம் இந்த வழியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தால், நிதானமாகத்தான் போயிருக்கிறது. அந்த நிதானம் எனக்குச் சரியாகவே படுகிறது. 2017இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஒரு கப்பல் உந்துவிசிறியை, நிக்கல் அலுமினிய வெண்கலக் கம்பியை மின்வில்லால் உருக்கி, 298 அடுக்குகளில் கட்டினார்கள். விட்டம் 1,350 மில்லிமீட்டர். பீரோ வெரிடாஸ் என்ற கப்பல் தரச்சான்று அமைப்பு உடனிருந்து சரிபார்த்தது. இழுவைப்படகு ஒன்றில் பொருத்தி, முழு வேகத்திலிருந்து திடீரென நிறுத்தும் சோதனை வரை செய்தார்கள். அமெரிக்கக் கடற்படை 2018இல் ஹாரி எஸ். ட்ரூமன் விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஏற்றுக்கொண்ட முதல் அச்சு உலோகப் பாகம், நீராவிக் குழாயின் நீர் வடியும் இடத்தில் வைக்கும் வடிகட்டிப் பகுதி. நான்கு ஆண்டு கழித்து பட்டான் என்ற கப்பலில் உலோக அச்சு இயந்திரத்தையே நிறுவினார்கள். அது துகளில் ஓடுவதில்லை, 316எல் கம்பியை லேசரால் உருக்கிக் கட்டி, அதே கூட்டுக்குள் கடைசலும் பிடிக்கும். ஆடும் கப்பலில் துகள் வேண்டாம், கம்பி போதும் என்று எடுத்த அந்த முடிவு தீவுக்கும் பாடம்.

ஏன் என்று சொல்கிறேன். துகளுக்கு ஈரம் பகை. நனைந்த துகள் சரியாகப் பரவாது. அலுமினியத் துகளில் ஏறிய ஈரம் ஹைட்ரஜனாகி உள்ளே குமிழி விடும். டைட்டானியத் துகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது ஆக்சிஜன் ஏறுகிறது; ஆக்சிஜன் ஏறினால் உலோகம் வலுப்பதுபோல் தோன்றி, நீளும் தன்மையை இழக்கிறது. தரநிலை அதை 0.2 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது. அலுமினிய, டைட்டானியத் துகள்கள் தீப்பிடிக்கக்கூடியவை என்பதால் அவற்றைக் கப்பலேற்றுவதே தனி ஏற்பாடு. இவற்றோடு மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் மின்னாக்கிகளில் பிறக்கிறது. இருபது மணி நேரம் ஓட வேண்டிய அச்சு நடுவில் நின்று, தட்டு குளிர்ந்து, மறுபடி தொடங்கினால், அந்த ஒரு அடுக்கில் ஒட்டுதல் சந்தேகத்துக்குரியது. சோர்வு விரிசலுக்கு அதைவிட நல்ல வாசல் வேண்டாம். கம்பி முறையில் அடுக்குகள் தடிமனானவை, வேலை நேரம் குறைவு, மூலப்பொருளை சாதாரண அலமாரியில் வைக்கலாம். நுண்ணிய வடிவம் வராது, கடைசல் கட்டாயம் தேவை என்பவை அதன் குறைகள். பம்பு உறை, இம்பெல்லர், குழாய்த் துண்டு, பிடிப்புத் தகடு போன்றவற்றுக்கு அந்தக் குறைகள் பொருட்டல்ல. நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. வார்ப்பில் இதற்குத் தரநிலை கேட்பது 585 மெகாபாஸ்கல் இழுவலிமை, 240 ஈல்டு. கம்பியில் கட்டிய உலோகம் வேகமாக இறுகுவதால் உள்ளே உள்ள படிகமணிகள் நுண்மையாகி, ஈல்டில் வார்ப்பை மிஞ்சிவிடுகிறது.

புதுப் பாகம் அச்சிடுவதைவிடத் தேய்ந்த பாகத்தை ஏற்றிச் சரிசெய்வதே தீவுக்கு முதல் லாபம் என்பது என் கணிப்பு. சீல் உரசித் தேய்ந்த ஷாஃப்டின் மேல் லேசரால் உலோகம் ஏற்றிக் கடைசல் பிடித்தால், கீழே உள்ள நல்ல உலோகம் சுமையைத் தாங்க, மேல் படலம் தேய்மானத்தை மட்டும் ஏற்கிறது. ஐதராபாத்தில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. என்ற தூள் உலோகவியல் ஆய்வு மையம் லேசர்ப் பூச்சிலும் குளிர்தெளிப்பிலும் நீண்ட அனுபவமுள்ளது.

தீவில் இதற்கான கைகள் இல்லாமலில்லை. பீனிக்ஸ் பேயில் தீவு நிர்வாகத்தின் கப்பல் பழுதுபார்ப்புத் தளம் இருக்கிறது. கடற்படைக்குத் தனிப் பழுதுபார்ப்புத் தளம் உண்டு. சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி கட்டி 2017இல் நீரில் இறக்கிய, 8,000 டன் வரையான கப்பலைத் தூக்கும் மிதவைத் தளமும் தீவிலுள்ள கடற்படைத் தளத்துக்காகச் செய்யப்பட்டதே. பஹர்காவில் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரி இயந்திரப் பொறியியல் கற்பிக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் தலைமையகம் கொண்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு டாலிகஞ்சில் கிளை உள்ளது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றிலும் அலையிலும் விட்டு, அவை எப்படி அரிபடுகின்றன என்று பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்துவருகிறது. அச்சிட்ட தகடுகளையும் அப்படித் தீவின் கரையில் விட்டுப் பார்ப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை, பொறுமை தேவை.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட சேர்ப்பு உற்பத்திக்கான, அதாவது அடுக்கடுக்காக அச்சிடும் உற்பத்திக்கான, தேசியத் திட்டம் 50 தொழில்நுட்பங்கள், 100 புதிய நிறுவனங்கள், 500 பொருட்கள், உலகச் சந்தையில் 5 சதவீதப் பங்கு என்று இலக்கு வைத்தது. இவற்றோடு சோதனைக் கம்பிகளின் எண்ணிக்கையும் ஓர் இலக்காக வேண்டும் என்று நினைக்கிறேன். விமானத் துறையில் ஓர் உலோகத்தின் வடிவமைப்பு எண்ணை ஏற்பதற்குக் குறைந்தது பத்து உருக்குத் தொகுதிகளிலிருந்து நூறு மாதிரிகளாவது உடைக்கப்பட்டிருக்க வேண்டும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பாகங்கள் அந்த எண்ணைத் தாண்டும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல அவ்வளவு தேவைப்படுகிறது. மூன்று கம்பி உடைத்து, சராசரி எடுத்து, ஒரு பாகத்தைக் கடலுக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிடக் கூடாது. நடுக்கடலில் எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்ப் நின்றால் எஞ்சினும் நிற்கும். எஞ்சின் நின்றால் படகில் இருப்பவர்களின் கதி என்ன என்று தீவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, அந்தமானுக்கு உலோக அச்சு இயந்திரம் வாங்க எண்ணும் அதிகாரிகளுக்கும் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். வாங்கும் பட்டியலில் முதல் வரியில் இழுவிசைச் சோதனை இயந்திரத்தையும், சுழற்சி வளைவுச் சோர்வுச் சோதனை இயந்திரத்தையும் எழுதுங்கள். இரண்டாவது வரியில் வளிமண்டலம் கட்டுப்படுத்திய உலை, மீயொலிச் சோதனைக் கருவி, ஒரு நல்ல கடைசல் இயந்திரம். கம்பியில் ஓடும் அச்சு இயந்திரம் மூன்றாவது வரியில் வரட்டும். முதல் ஆண்டு 316எல், நிக்கல் அலுமினிய வெண்கலம் என்ற இரண்டே உலோகங்களில், இரண்டு திசைகளிலும் கம்பிகள் அச்சிட்டு, உப்புநீரில் நனைத்து உடைத்துப் பாருங்கள். முடிவுகளை மாணவர்களும் கப்பல் தளத்தினரும் சேர்ந்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். உடைந்தாலும் ஆளுக்கு ஆபத்தில்லாத பாகங்களை இரண்டாம் ஆண்டில் படகுகளில் பொருத்துங்கள். ஸ்டியரிங் இணைப்பு, உந்துவிசிறித் தண்டு ஆகியவற்றை அதற்கு முன் யார் கேட்டாலும் அச்சிட்டுத் தராதீர்கள்.